கப்பல் சொன்னது, கடிதம் சொன்னது, நாஜிகள் சொன்னார்கள்

1945 மே 2ஆம் தேதி வெளிவந்த ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு. ஹிட்லர் பெர்லினில் தன் ஆட்சி அலுவலகமான சான்சலரி மாளிகையில் இறந்தார் என்பது செய்தி. அதோடு தலைப்பு முடியவில்லை. ஒரு காற்புள்ளி, அதற்குப் பிறகு இரண்டே சொற்கள்: ‘நாஜிஸ் ஸே’. அதாவது, நாஜிகள் சொல்கிறார்கள்.

அதே மரணத்தை அமெரிக்கப் படைவீரர்களுக்கான ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்’ ‘ஹிட்லர் டெட்’ என்று இரண்டே சொற்களில் பக்கத்தை அடைத்துப் போட்டது. வால் எதுவும் இல்லை. பார்த்தால் இதுதான் கம்பீரமான தலைப்பு. டைம்ஸ் ஏன் அவ்வளவு பெரிய செய்தியின் கடைசியில் இப்படி ஒரு இழுவையைச் சேர்த்தது?

செய்தி வந்த வழியைப் பார்த்தால் புரியும். முந்தைய இரவு ஹாம்பர்க் வானொலி அறிவித்தது: போல்ஷெவிசத்தை, அதாவது ரஷ்யக் கம்யூனிசத்தை, எதிர்த்துக் கடைசி மூச்சுவரை போராடி, ஹிட்லர் ஜெர்மனிக்காக வீழ்ந்தார். அடுத்து ஜெர்மன் கடற்படைத் தலைவர் அட்மிரல் டோனிட்ஸ் பேசினார், இனித் தலைமை தன்னுடையது என்றார். இவ்வளவுதான் கையில் இருந்தது. உடலை நேசநாட்டு நிருபர் யாரும் பார்க்கவில்லை. பெர்லினில் இன்னும் சண்டை நடந்துகொண்டிருந்தது. பிற்பாடு தெரிந்தது என்னவென்றால், ஹிட்லர் ஏப்ரல் 30ஆம் தேதியே நிலவறையில் தற்கொலை செய்துகொண்டார். ஆக, செத்தது உண்மை, போராடி வீழ்ந்தது பொய். ஒரே அறிவிப்பில் இரண்டும் கலந்து வந்தன. எது எது என்று அன்று இரவு பிரித்துச் சொல்ல டைம்ஸால் முடியாது. ‘நாஜிகள் சொல்கிறார்கள்’ என்று போட்டதும் அந்தப் பொறுப்பு கைமாறிவிட்டது.

ஆங்கிலத்தில் ‘ஸே’, அதன் இறந்தகாலமான ‘ஸெட்’ இரண்டையும் போலச் சாதாரணமான வினைச்சொற்கள் வேறு இல்லை. பள்ளிப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கற்கும் சொல். ஆனால் பழைய பத்திரிகைகளைப் புரட்டும்போது நான் முதலில் கவனிப்பது அந்த வினைக்கு எழுவாயாக யார் நிற்கிறார்கள் என்பதைத்தான். சொல்வது யார்? அல்லது எது? இந்த ஒரு இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு முறை மாறியதற்கும் பின்னால் இலக்கண ஆசை எதுவும் கிடையாது. அஞ்சல், சட்டம், பணம், தந்திக் கம்பி ஆகியவைதான் காரணம்.

ஆங்கிலத்தில் அச்சான செய்தித்தாள்களில் இன்று கிடைக்கும் ஆகப் பழையது 1620 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்ட ஒரு தாள். அதன் முதல் வரியே ‘இத்தாலியிலிருந்து புதிய செய்திகள் இன்னும் வந்து சேரவில்லை’ என்பதுதான். செய்தித்தாள் தன் வரலாற்றைச் செய்தி இல்லை என்ற செய்தியோடு தொடங்கியிருக்கிறது! சிரிப்பு வரலாம். ஆனால் அந்தக் காலத்தில் செய்தி என்றாலே வந்து சேர்ந்த கடிதம்தான் என்பது அதில் தெரிகிறது. வியன்னாவிலிருந்து இந்தத் தேதியிட்ட கடிதம், ப்ராக்கிலிருந்து அந்தத் தேதியிட்ட கடிதம் என்று ஊரும் நாளும் போட்டுச் செய்தி தொடங்கும். ‘பாரிஸ் கடிதங்கள் சொல்கின்றன’, ‘லிஸ்பனிலிருந்து வந்த கப்பல் தகவல் கொண்டுவந்திருக்கிறது’ என்று போகும். சொல்வது மனிதர் அல்ல, காகிதம். எழுதியவர் யார், அவர் எதையும் கண்ணால் பார்த்தாரா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இதை வளர்ச்சியடையாத நடை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கடிதம் எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் பழையது என்பது வாசகர் கண்முன் இருந்தது. போர் நடக்கும் ஊரிலிருந்து வந்ததா, நூறு மைல் தள்ளி உட்கார்ந்து கேட்டு எழுதியதா என்று அவரே எடைபோட்டுக்கொள்ளலாம். 1702 மார்ச் 11 அன்று லண்டனில் எலிசபெத் மேலெட் தொடங்கிய ‘டெய்லி கூரன்ட்’ இதை ஒரு கொள்கையாகவே அறிவித்தது. இங்கிலாந்தின் முதல் ஆங்கில நாளிதழ் அது. ஒரே தாள், அதிலும் ஒரே பக்கத்தில்தான் அச்சு. எந்த வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து எடுத்தோம் என்பதைச் சொல்லிவிடுவோம், எங்கள் ஊகத்தைச் சேர்க்க மாட்டோம், யோசிக்கும் அளவுக்கு மற்றவர்களுக்கும் அறிவு இருக்கிறது என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கும் மரியாதை இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் கிடைக்குமா என்ன?

கடல் தாண்டி பாஸ்டனில் கதை வேறு மாதிரி போனது. 1690 செப்டம்பர் 25 அன்று பெஞ்சமின் ஹாரிஸ் ‘பப்ளிக் அக்கரன்ஸஸ்’ என்ற தாளை வெளியிட்டார். மூன்று பக்கம் அச்சு, நான்காவது பக்கம் காலி. வாங்கியவர் தனக்குத் தெரிந்த செய்தியை அதில் கையால் எழுதி வெளியூர் நண்பருக்கு அனுப்பலாம். ஊரில் பொய்ச் செய்திகள் நிறையப் பரவுகின்றன, அப்படி ஒரு பொய்யை யாராவது துருவிக்கொண்டே போய் அதை முதலில் கிளப்பியவர் யார் என்று கண்டுபிடித்துக் கொடுத்தால் அந்த ஆளின் பெயரை இந்தத் தாளில் அம்பலப்படுத்துவேன் என்று ஹாரிஸ் அறிவித்தார். முதலில் சொன்னது யார் என்று பிடிப்பதைப் பத்திரிகையின் வேலையாக வைத்தவர் அவர்.

சரி, அதே இதழில் அவரே என்ன செய்தார்? பிரான்ஸ் மன்னருக்கும் மகனுக்கும் தகராறு, மகன் கலகம் செய்ததில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால், ‘வரும் தகவல்கள் உண்மையானால்’, தகப்பன் மருமகளோடு படுத்துவந்தான் என்று போட்டார். தகவல் யாருடையது? தெரியாது. நான்காவது நாளே ஆளுநரும் ஆலோசனை மன்றமும் பத்திரிகைக்குத் தடை போட்டார்கள். உரிமம் இல்லாமல் அச்சிட்டது முக்கியக் காரணம், உள்ளே இருந்த சமாச்சாரமும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது இதழ் வரவே இல்லை.

‘வரும் தகவல்கள் உண்மையானால்’ என்பதற்கு ஒரு பெரிய குடும்பமே உண்டு. ‘கேள்விப்படுகிறோம்’, ‘அறிகிறோம்’, ‘சொல்லப்படுகிறது’. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் தாள்களில் பத்திக்குப் பத்தி இவைதான். இன்னார் மகளுக்குக் கல்யாணம் என்று கேள்விப்படுகிறோம். இன்ன பிரபு பதவி விலகுவார் என்று சொல்லப்படுகிறது. சொல்பவர் மறைந்துபோய் வினை மட்டும் செயப்பாட்டில் தொங்கும். இது சட்டத்திலிருந்து காப்பாற்றும் என்று பல பதிப்பாளர்கள் நம்பினார்கள். காப்பாற்றாது. ஆங்கிலேய அவதூறுச் சட்டத்தில் ஒருவர் கிளப்பிய அவதூறைத் திருப்பிச் சொன்னவரும் அதைச் சொன்னவர்தான். ‘நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது’ என்பது அங்கே எடுபடாது.

தமிழுக்கு இந்த வகை வினை புதிதல்ல. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே ‘என்ப’ வந்துவிடுகிறது. ஆனால் அங்கே பெயர் சொல்லாத ‘என்மனார் புலவர்’ மதிப்புக்குரிய முன்னோர். நாளிதழில் வரும் ‘என்று கூறப்படுகிறது’வுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? 1904இல் ‘சுதேசமித்திர’னில் துணையாசிரியராகச் சேர்ந்த பாரதியாருக்கு ஆங்கிலத் தந்திச் செய்திகளை மொழிபெயர்ப்பதுதான் பெரும்பாலான வேலை. ‘சொல்லப்படுகிறது’ நடை நம் பத்திரிகைகளில் இந்த அளவுக்கு ஊறியதில் அந்த மேசைகளுக்கும் பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

சொன்னவரின் பெயர் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. நாடாளுமன்றச் செய்திகளின் கதை அதற்கு நல்ல உதாரணம். 1738இல் பிரிட்டிஷ் மக்களவை, தன் விவாதங்களை வெளியிடுவது உரிமை மீறல் என்று தீர்மானம் போட்டது. லண்டனில் எட்வர்ட் கேவ் நடத்திய ‘ஜென்டில்மன்ஸ் மேகசின்’ ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. கலிவர் கதையில் வரும் குள்ளர் நாடான லில்லிபுட்டின் செனட்டில் நடந்த விவாதம் என்று தலைப்புப் போட்டு, பெயர்களைக் கொஞ்சம் புரட்டி அச்சிட்டது. அன்றைய பிரதமர் வால்போல் ‘வாலெலாப்’ ஆனார். வாசகர்களுக்கு யார் யார் என்று நன்றாகத் தெரியும்.

1740களின் தொடக்கத்தில் இந்த விவாதங்களை எழுதியவர் சாமுவேல் ஜான்சன், பிற்பாடு அகராதி எழுதிப் புகழ்பெற்ற அதே ஜான்சன். அவர் மன்றத்தின் மாடத்துக்குப் போனதாகவே சொல்ல முடியாது. கேவ் அனுப்பிய ஆட்கள் யார் பேசினார்கள், எந்தக் கட்சி, ஏறக்குறைய என்ன வாதம் என்று குறிப்புக் கொண்டுவருவார்கள். மிச்சத்தை ஜான்சன் அறையில் உட்கார்ந்து எழுதுவார். பக்கம் பக்கமாக, அழகான ஆங்கிலத்தில், ‘இன்னார் சொன்னார்’ என்று. 1741இல், பிற்பாடு பிரதமரான இளைஞர் வில்லியம் பிட் தன் வயதைக் கிண்டல் செய்தவருக்குக் கொடுத்த பதிலடி, ‘இளைஞனாக இருப்பது என்ற கொடிய குற்றம்’ என்று தொடங்குவது, ஆங்கிலப் பேச்சுக்கலைக்கு எடுத்துக்காட்டாகப் பல தலைமுறைப் பள்ளிப்பிள்ளைகள் மனப்பாடம் செய்தது. அந்தச் சொற்களும் ஜான்சன் எழுதியவைதான். பல ஆண்டுகள் கழித்து ஒரு விருந்தில் பிட்டின் ஒரு பேச்சை ஆகா ஓகோ என்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள். ஜான்சன் குறுக்கிட்டு, அந்தப் பேச்சை எக்ஸெட்டர் தெருவில் ஒரு மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து நான்தான் எழுதினேன் என்றார். இரு கட்சிக்கும் சமமாக நியாயம் செய்திருக்கிறீர்களே என்று ஒருவர் பாராட்டியபோது, (தனக்குப் பிடிக்காத) விக் கட்சி நாய்கள் ஜெயித்துவிடாமல் பார்த்துக்கொண்டேன் என்றாராம்.

1771இல் விவாதங்களை வெளியிட்ட அச்சகத்தார் கைது, லண்டன் மேயர் பிராஸ் கிராஸ்பி கோபுரச் சிறையில் என்று ஒரு பெரிய மோதல் நடந்தது. அதற்குப் பிறகு அந்தத் தடையை நாடாளுமன்றம் வற்புறுத்தவில்லை, நிருபர்கள் உள்ளே வந்தார்கள். ஆனாலும் பேச்சு நெடுங்காலம் படர்க்கையிலேயே அச்சாயிற்று: தான் இந்த மசோதாவை எதிர்ப்பதாகவும், அரசு யோசித்திருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். ‘நான்’ என்று பேசியவர் ‘அவர்’ ஆகிவிடுவார், நிகழ்காலம் இறந்தகாலம் ஆகிவிடும். நிருபரின் கை நடுவில் இருக்கிறது என்பதை அந்த இலக்கணமே காட்டிக்கொடுக்கும். ஹன்சார்டு எனப்படும் அதிகாரபூர்வ அறிக்கை முழுப் பேச்சையும் தன்மையிலேயே தரத் தொடங்கியது 1909இல்தான்.

தந்தி வந்ததும் எழுவாய் மறுபடி மாறியது. இப்போது ஊர்கள் பேச ஆரம்பித்தன. ‘வியன்னாவிலிருந்து வந்த தந்தி சொல்கிறது.’ கடிதத்துக்கும் தந்திக்கும் இதில் ஒரு வித்தியாசம் உண்டு. கடிதத்தில் எழுதியவர் தனக்கு எப்படித் தெரிந்தது என்று நாலு வரி விளக்குவார். தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. 1866இல் அட்லாண்டிக் கடலடிக் கம்பி வேலை செய்யத் தொடங்கியபோது கட்டணம் இருபது சொற்களுக்கு 20 பவுண்டு, அதற்குக் குறைந்து அனுப்ப வழியில்லை. முதலில் வெட்டு விழுவது ‘இன்னார் சொன்னதாக இன்னார் எழுதுகிறார்’ போன்ற பகுதிகளுக்குத்தான். எலும்புக்கூடாக வந்ததை மறுமுனையில் இருப்பவர் சதைபோட்டு வாக்கியமாக்குவார். யார் சொன்னது என்பது கடலுக்கடியிலேயே தங்கிவிடும்.

அதற்கும் முன்பே, 1854இல், ஒரு பெரிய அடி விழுந்திருந்தது. கிரிமியப் போரில் அல்மா ஆற்றங்கரை வெற்றிக்குப் பின், செவஸ்தபோல் கோட்டை விழுந்துவிட்டது என்று ஒரு தாத்தாரிய அஞ்சல் குதிரைவீரர் கொண்டுவந்த பேச்சு, புக்கரெஸ்ட், வியன்னா வழியே தந்தியேறி லண்டனையும் பாரிஸையும் எட்டியது. லண்டன் ‘தி டைம்ஸ்’ உட்படப் பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. கோட்டை உண்மையில் விழுந்தது 1855 செப்டம்பரில், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. குதிரைவீரர் ஒருவர் சொன்னார் என்று நேராக எழுதியிருந்தால் வாசகர் கொஞ்சம் தயங்கியிருப்பார். வியன்னா சொல்கிறது என்றால் ஒரு ஏகாதிபத்தியத் தலைநகரமே சாட்சி சொல்வது போலத் தோன்றும் அல்லவா?

ஒரு மனிதரை நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டு, அவர் சொன்னதை அவர் பெயரில் போடும் பழக்கம் நாம் நினைப்பதைவிடப் புதியது. 1859 ஜூலையில் ‘நியூயார்க் ட்ரிப்யூன்’ ஆசிரியர் ஹோரஸ் கிரீலி, சால்ட் லேக் சிட்டியில் மார்மன் என்ற கிறித்தவப் பிரிவின் தலைவர் பிரிகம் யங்கைச் சந்தித்தார். அச்சில் அது கேள்வி, பதில், கேள்வி, பதில் என்றே வந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘எச்.ஜி.’, ‘பி.ஒய்.’ என்று பெயரின் முதலெழுத்துகள் மட்டும். ‘சொன்னார்’ என்ற வினையே தேவைப்படவில்லை. இன்று நேர்காணல் என்றால் எல்லாருக்கும் சர்வ சாதாரணம். அன்று முகம் சுளித்தவர்கள் அதிகம். 1869இல் ‘தி நேஷன்’ வார இதழ், நேர்காணல் என்பது ஒரு புரட்டு அரசியல்வாதியும் ஒரு புரட்டு நிருபரும் கூட்டாகத் தயாரிக்கும் சரக்கு என்று எழுதியது.

பெயரும் முகமும் வந்தபின் நிருபர்களுக்கு ‘சொன்னார்’ சலித்துவிட்டது. கத்தினார், சீறினார், முணுமுணுத்தார், ஒப்புக்கொண்டார் என்று வினைகள் பெருகின. 1923இல் தொடங்கிய ‘டைம்’ வார இதழ் ஒரு படி மேலே போய், வாக்கிய வரிசையையே தலைகீழாக்கி ‘சொன்னார் அவர்:’ என்று போட ஆரம்பித்தது. 1936இல் ‘நியூயார்க்கர்’ அந்த நடையைக் கேலிசெய்து எழுதிய கட்டுரை இன்றும் பத்திரிகை வகுப்புகளில் உலவுகிறது. இந்த வினைகளில் ஆபத்தானவை கத்தலும் சீறலும் அல்ல, ‘ஒப்புக்கொண்டார்’ போன்றவைதான். சும்மா ஒரு தகவலைச் சொன்னவரை அந்த ஒரு சொல் குற்றவாளி ஆக்கிவிடும். ‘உரிமைகோருகிறார்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் போடும் வினையோ, நாங்கள் நம்பவில்லை என்று வாசகருக்குக் கண்ணடிக்கும். அதனால்தான் அமெரிக்கச் செய்தி மேசைகளில் மூத்தவர்கள் புதியவர்களிடம் ‘ஸெட்’ போதும், வேறு வேண்டாம் என்பார்கள். நம் நாளிதழ்களில் ‘சாடினார்’, ‘முழங்கினார்’, ‘கொந்தளித்தார்’ எல்லாம் இன்னும் கொடிகட்டிப் பறக்கின்றன. அறிக்கை ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பியவர் எப்படி முழங்கியிருப்பார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

தலைப்புகளில் இந்த வினை பட்ட பாடு தனி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தலைப்புகள் பல ‘ஸேஸ்’ என்றே தொடங்கும், எழுவாய் இருக்காது. சொல்கிறார், ஆனால் யார் என்று கீழே போய்ப் படித்தால்தான் தெரியும். அப்புறம்தான் சொன்னவரைத் தலைப்பின் வாலில் கட்டும் வழக்கம் நிலைத்தது. பிரிட்டிஷ் தாள்கள் பல நேரம் வினையையே விட்டுவிட்டு, சந்தேகமான பகுதிக்கு ஒற்றை மேற்கோள்குறி போட்டு வேலையை முடித்துக்கொண்டன. இரண்டையும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1912 ஏப்ரல் 15 நியூயார்க் ‘ஈவினிங் ஸன்’ சாட்சி. மோதலுக்குப் பின் டைட்டானிக்கிலிருந்து அனைவரும் மீட்பு என்று தலைப்பு. கம்பியில்லாத் தந்தியில் வந்த குழப்பமான தகவல்களை நம்பிப் போட்டது. யார் சொன்னார்கள் என்று தலைப்பில் இல்லை. இறந்தவர்கள் ஏறக்குறைய 1,500 பேர்.

அதிகாரத்தில் இருப்பவர்களும் இந்த வினையின் மதிப்பைப் புரிந்துகொண்டார்கள். 1920களில் அமெரிக்க அதிபர் கூலிட்ஜ் நிருபர்களிடம் பேசுவார், ஆனால் அவர் சொன்னதாகப் போடக் கூடாது. ‘வெள்ளை மாளிகைப் பேச்சாளர்’ சொன்னதாகப் போட வேண்டும். அப்படி ஒரு ஆளே கிடையாது! 1933 மார்ச்சில் பதவிக்கு வந்த ரூஸ்வெல்ட் முதல் சந்திப்பிலேயே விதிகளை விளக்கினார். எழுத்தில் அனுமதி கொடுத்தால்தான் நேரடி மேற்கோள். சில தகவல்களை வெள்ளை மாளிகையைக் காட்டாமல் பத்திரிகையே தன் பொறுப்பில் எழுதிக்கொள்ளலாம். சிலது காதோடு சரி, வெளியே போகக் கூடாது. யார் சொன்னது என்பதை அச்சகம் தீர்மானித்த காலம் போய், சொல்பவரே தீர்மானிக்கும் காலம் வந்துவிட்டது.

இந்த வினையை ஒருவர் ஆயுதமாகவே பயன்படுத்தலாம் என்று காட்டியவர் விஸ்கான்சின் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி. 1950 பிப்ரவரி 9 அன்று மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊரில் பேசும்போது, வெளியுறவுத் துறையில் இருக்கும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். உள்ளூர்ப் பத்திரிகையில் எண்ணிக்கை 205 என்று வந்தது, செய்தி நிறுவனம் அதைச் சுருக்கி நாடெங்கும் அனுப்பியது. அடுத்தடுத்த ஊர்களில் 57 என்றார். அதே மாதம் செனட்டில் 81 என்றார். ஒவ்வொன்றும் ‘மெக்கார்த்தி சொன்னார்’ என்று அச்சானது. செய்தி என்ற அளவில் ஒன்றில்கூடப் பிழை கிடையாது, அவர் சொன்னது உண்மைதானே! பத்திரிகைகள் அச்சுக்குப் போகும் நேரம் அவருக்கு அத்துப்படி. அதையொட்டிக் குற்றச்சாட்டை வீசுவார், மறுப்பு வாங்கவோ சரிபார்க்கவோ மேசையில் நேரம் இருக்காது. மறுப்பு அடுத்த நாள் உள்பக்கத்தில் வரும்.

1945இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ ஆசிரியர்களுக்குக் கைகொடுத்த அதே இலக்கணம்தான் இது. அங்கே நாஜிகள் சொல்கிறார்கள் என்றதும் வாசகர் தானாகவே உஷாரானார், ஏனென்றால் எழுவாயே எச்சரிக்கை. இங்கே எழுவாய் ஒரு அமெரிக்க செனட்டர். அந்தப் பதவியின் கனம் வினைக்குள் ஏறிக்கொண்டது.

மெக்கார்த்தியின் சொந்த மாநிலத்து ‘மில்வாக்கி ஜர்னல்’ ஒரு வழி செய்து பார்த்தது. அவர் சொன்னதை அப்படியே போட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் தன் நிருபர்கள் சரிபார்த்த தகவலைச் செருகியது. அவர் ஒருவர் மேல் குற்றம் சாட்டினால், அந்தக் குற்றச்சாட்டு ஏற்கெனவே விசாரிக்கப்பட்டதா, முடிவு என்ன என்பது அதே வாக்கியத்தின் நடுவில் வந்துவிடும். படிக்க அது தடுக்கித் தடுக்கிப் போகும், நடை அழகு என்று எதுவும் மிஞ்சாது. செய்திப் பத்திக்குள் பத்திரிகையே குறுக்கிடலாமா என்று தொழிலுக்குள் அப்போது சண்டையும் நடந்தது. 1954 டிசம்பரில் செனட் அவரைக் கண்டித்து 67க்கு 22 என்ற வாக்கில் தீர்மானம் நிறைவேற்றும்வரை நாட்டின் மற்றப் பெரும்பாலான தாள்கள் ‘சொன்னார்’ என்று போட்டுக்கொண்டே இருந்தன.